கேட்காமல் சேர்த்த ஒரு வரி

“…எழுதினது நான்தான் எண்டு ஒங்களுக்கு ஆர் சொன்ன, காக்கா?”

கல்முனையில் என் கொமியூனிகேஷன் கடையைத் திறந்து, போட்டோ கொப்பி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸலாம் சொன்ன கையோடு, அண்ணன் முறைக்குக் ‘காக்கா’ போட்டு இப்படிக் கேட்டவளை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஆனால் அவள் எழுத்து எனக்கு இரண்டு வருடப் பழக்கம்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் தனியாக வலைப்பூ எழுதுகிறவர்களை ஒரே இடத்தில் சேர்த்து ஒரு டிரெக்டரி செய்திருந்தேன். படித்துச் செய்த வேலையல்ல. வீடியோ பார்த்து, பிழை விட்டு, திருத்தித் திருத்திச் செய்தது. வலைப்பூவின் பெயர், லிங்க், ஊர், நாலு வரி அறிமுகம். அறிமுகத்தை நானே எழுதுவேன். எனக்கு ருசி அதில்தான். அட்டாளைச்சேனையில் ஒருவர் நெல்லுக்கு வரும் நோய்களைப் பற்றி மட்டும் எழுதுவார். கோமாரியில் ஒருவர் தான் தவறவிட்ட மீன்களைப் பற்றியே எழுதுவார். நம் ஊர்களில் யாரையும் ‘ஆர்ர மகன், எந்த வளவு’ என்றுதானே அறிமுகம் செய்வோம். நானும் அப்படியே எழுதினேன். எல்லோருக்கும் சந்தோசம்.

இவள் மட்டும் புனைபெயரில் எழுதினாள். கட்டின மாப்பிள்ளை ஆறு வருடமாகத் தன்னோடு கதைக்காததைப் பற்றி. ஒரே வீடு, சோறு வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவாராம். எழுத்தில் கோபமே இருக்காது. ‘இன்று கறிக்கு உப்புக் கூடிவிட்டது, அதற்காவது ஏதும் சொல்வார் என்று பார்த்தேன்’ என்று ஒரு நாள் எழுதியிருந்தாள்.

ஒரு பதிவு மௌத்தாகி அடக்கமாகிப்போன தன் வாப்பாவைப் பற்றியது. தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். அவசரப்படுகிறவர்களிடம் “இரிங்க மகன், சீனி வந்துக்கிட்டிரிக்கி” என்பாராம். பழைய பதிவுகளுக்குள் கிடந்த அதைப் பிந்தித்தான் வாசித்தேன்; வாசித்ததும் ஆள் யாரென்று பிடிபட்டது. அந்தச் சீனிக்காக நானே எத்தனை தடவை காத்திருக்கிறேன்! பெருமை தாங்காமல் அறிமுகத்தில் ஒரு வரி கூட்டினேன்: ‘சந்தையடித் தேத்தண்ணிக் கடைக்காரரின் ஒரே மகள் எழுதுவது.’ அவளிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவுமில்லை.

அந்த வரியைக் கத்தாரில் இருந்த அவள் மாப்பிள்ளையின் தம்பி பார்த்திருக்கிறார். லிங்க் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு வந்துவிட்டது.

“எல்லாத்தையும் வாசிச்சாரு காக்கா. வாசிச்சி முடிச்சிட்டு என்னப் பேர் சொல்லிக் கூப்புட்டாரு. ஆறு வருசத்துக்குப் பொறகு. குசினி அடுப்படியிலரிந்து ஓடி வந்தன். ‘அழி’ எண்டாரு. வேற ஒண்டும் சொல்லல்ல.”

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்ய? அவள் லேசாகச் சிரித்தாள். “உப்புக் கூடினதுக்கும் வாய் தொறக்காத மனிசன். ஒங்கட ஒரு வரிக்குத் தொறந்துட்டாரே.”

பதிவு போடத் தெரிந்தவளுக்கு அழிக்கத் தெரியவில்லை. அதைக் காட்டித் தரும்படி கேட்டாள். யாரும் பார்க்காதபடி மறைத்து வைக்கலாம், பென்டிரைவில் ஒரு கொப்பியாவது எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். வேண்டாம் என்றாள். “அழிச்சிட்டன் எண்டு பொய் சொல்ல எனக்கு ஏலா.”

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஒருவரை உங்களுக்குத் தெரியும் என்பதற்காக ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். இப்போது டிரெக்டரியில் சேருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் படிவத்தில் முதல் கேள்வியே ‘உங்களை எப்படிச் சொல்லட்டும்?’ என்பதுதான். பதில் எழுதாமல் விட்டால் நானும் ஒன்றும் எழுதுவதில்லை. இந்தக் குறிப்பைக்கூட அடையாளங்களை மாற்றி, அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகே வெளியிடுகிறேன்.

கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு பதிவாகத் தலைப்பை முணுமுணுத்து அழித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று திரை கேட்டது. நான் ஒரு தடவையும் கேட்காதவன். அது நாற்பத்தொரு தடவை கேட்டது.

அவள் முதன்முதலில் எழுதிய, வாப்பாவைப் பற்றிய பதிவு கடைசியில் மிஞ்சியது. மவுஸிலிருந்து கையை எடுத்தாள். சீனி வரும் அந்த வரி வரைக்கும் எனக்கும் கேட்கும்படி வாசித்தாள். பிறகு அதையும் அழித்தாள்.