அம்மாவின் மணிக்கட்டு

பெரியவள் தரையில் சப்பணமிட்டு, கம்பளத்தில் துருத்திக்கொண்டிருந்த நூல்களைக் கத்தரியால் சமன்செய்துகொண்டிருந்தாள். தலை, புருவம், தண்ணீர் டம்ளர் எல்லாம் பஞ்சு. நூல் குத்தும் துப்பாக்கி நாள் முழுக்கத் தடதடப்பதால் தெருவில் அவளுக்குத் 'துப்பாக்கிக்காரி' என்று பேர். கரப்பான்பூச்சியைக் கண்டாலே நாற்காலிமேல் ஏறுகிறவள்.

வெளியூரிலிருக்கும் தங்கை சின்னவள் கம்பளத்துக்கான படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவாள். பெரியவள் அதைப் புரொஜெக்டரால் சுவரளவுத் துணியில் ஒளியாகப் பாய்ச்சி, கோடு போட்டு, பின்பக்கமிருந்து நூல் குத்துவாள். திரையில் ஆயிரம் நிறம். அவள் அலமாரியில் இருபது. எதை எதோடு சேர்ப்பது, எந்தப் புள்ளியை விடுவது என்பதெல்லாம் அவள் பாடு. சின்னவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனாலேயே அவளைக் கேட்கும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

இந்தத் தடவை விற்பனைக்கல்ல, கூடத்தில் மாட்ட. மாவு பிசையும் அம்மாவின் கைகள். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வாசலில் சத்தம் கேட்டது.

"அடியே, செருப்பைக் கழட்டிட்டு வா. இல்லன்னா ஊரெல்லாம் பஞ்சை இழுத்துக்கிட்டுப் போவ."

சின்னவள் சிரித்தபடி வந்து குனிந்தாள். கம்பளத்திலிருந்த விரல்களைத் தடவினாள். "அம்மா எழுந்து வந்து என் தலையில குட்டிடுவா போலிருக்குக்கா." பிறகு இடது மணிக்கட்டில் எதையோ தேடினாள். "இங்க திட்டா ஒண்ணு இருக்குமே?"

"அதுவா? படத்தைப் பெருசாக்கினப்ப வந்த பிசிறுன்னு நெனச்சேன். தோல் நிறத்துலயே மூடிட்டேன். பளிச்சுனு இருக்கில்ல?"

"பிசிறில்லக்கா. நான் வெச்ச சூடு."

பெரியவளின் கத்தரி நின்றது. அடுப்பிலிருந்த எண்ணெய்ச் சட்டியை மூன்று வயதுச் சின்னவள் எட்டி இழுத்ததும், அம்மா குறுக்கே கை கொடுத்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அம்மா இருந்தவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல நான். இதுலயாவது இருக்கட்டும்னுதான் வரைஞ்சேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி?"

"உனக்குச் சொல்லணுமாக்கா? படுக்கையில கெடந்தப்ப அந்தக் கையைத் தினம் தொடச்சுவிட்டது நீதானே?"

துடைத்தவள்தான். துடைத்துத் துடைத்தே தழும்பு கண்ணில் படாமல் போயிருந்தது. பின்பக்கமிருந்து முழம் முழமாகக் குத்தும்போது கையும் கையாகத் தெரியவில்லை, நிறம்தான் தெரிந்தது.

பின்னால் பூசிய பசை இறுகிவிட்டது. நூலைப் பிடுங்கினால் துணி கிழியும்.

"மேலாக ஊசியால கோத்துடறேன். ஒரு மணி நேர வேலை." பெரியவள் அவசரமாக அலமாரியைக் குடைந்து, கையில் கருப்பு ஒன்றும் பழுப்பு ஒன்றுமாக இரண்டு நூலுருண்டைகளுடன் திரும்பினாள். "எந்த நிறம்டி அது? எனக்கு ஞாபகமே வரல."

சின்னவள் அந்த வெறும் மணிக்கட்டில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தாள். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அறையைவிட்டுப் போனாள்.