சதுரங்கப்பட்டினத்துச் சொந்தக்காரர்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருமுனையில் வேன் நின்றிருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அதில் புளியோதரை அண்டா ஒன்று, வாயில் வேட்டித் துணி கட்டி, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"பிரேக் போட்டா மொத ஆளா அதுதான் சார் முன்னாடி வரும்," என்றார் ஓட்டுநர். அனகாபுத்தூர்க்காரர், வேன் அவருடைய சொந்த வண்டி. எல்லாருக்கும் அவர் பாய். "மனுசங்க கம்பியப் புட்சிப்பாங்க. இது எத்தப் புடிக்கும்?"

எங்கள் திருச்சபைப் பெண்கள் ஐக்கியத்தின் வருடாந்திரச் சுற்றுலா அது. பல வருடங்களாக ஒரே பண்ணை வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே நீச்சல் குளம் உண்டு. யாரும் நீந்தியதில்லை. ஓரத்தில் உட்கார்ந்து கால் நனைத்து, பிரியாணி சாப்பிட்டு, மாலையில் திரும்புவார்கள். எங்கே போவது என்பதைப் பொருளாளர் முடிவு செய்வார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அக்கா. என் மனைவியின் பங்கு புளிக்காய்ச்சலோடு முடிந்துவிடும்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கோட்டைகள் மீது ஆசை ஓய்வுக்குப் பிறகு வந்தது. இந்த வருடம் கூட்டத்தில் எழுந்து, கடற்கரையோரமாகவே போய்ப் பழைய இடங்களைப் பார்க்கலாம், கடைசியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது என்று சொன்னாள். எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பொருளாளர் சொன்னார்: "சரி, ஒரு வருஷம் பார்ப்போம். திரும்பி வரும்போது வேன்லயே கை தூக்கச் சொல்றேன். பிடிச்சிருந்தா அடுத்த வருஷமும் நீங்களே பாருங்க. இல்லன்னா பண்ணை வீடு."

அதிலிருந்து இரண்டு வாரம் சமையலறையில் ஒத்திகை நடந்தது. டச்சுக்காரர்கள் ஏன் வந்தார்கள், என்ன வாங்கினார்கள், எப்படிப் போனார்கள் என்று மிக்சி ஓடாத நேரத்திலெல்லாம் சொல்லிப் பார்த்தாள். நான் கேட்டேன். வேனில் எனக்கு இடம் கிடைத்தது அண்டாவைத் தூக்குவதற்காக.

நவம்பர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. இரவு மழை பெய்து விட்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் இரண்டு பேர் ஏறினார்கள். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் காற்றில் உப்பு வந்தது. முட்டுக்காட்டில் உப்பங்கழி பழுப்பாக நிரம்பிக் கிடந்தது. படகுகளைக் கட்டி வைத்திருந்தார்கள்.

கோவளத்தில் இறங்கி மாதா கோயிலைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனோம். அலை உயரமாக வந்து மணலை அரித்துக்கொண்டிருந்தது. படகுகளை மீனவர்கள் சாலைப் பக்கமாக ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு குடை பின்பக்கமாக மடங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். பொருளாளர் சிரிக்கவில்லை.

"பெசன்ட் நகர்லயும் இதே கடல்தானே?" என்று கேட்டார்.

மனைவி வேனில் ஏறும்போது என்னிடம் மெதுவாக, "கோட்டையைப் பார்க்கட்டும்," என்றாள்.

மாமல்லபுரத்துக்கு முன்னால் புலிக்குகை. ஒரு பாறை, அதன் நடுவே குடைந்த மண்டபம், சுற்றிலும் வட்டமாக யாளித் தலைகள். தூறலில் நனைந்து பாறை கறுத்திருந்தது. எனக்கு அது அன்றைய நாளின் மிக நல்ல காட்சி. பொருளாளர் வேன் படியில் நின்றபடியே, "புலி எங்க?" என்றார்.

"அது லீவுல கீது மேடம்," என்றார் பாய். "ரெண்டாவது சனி இல்ல?"

இதற்கு வேன் முழுதும் சிரித்தது. மனைவியும் சிரித்தாள், ஆனால் கையிலிருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை உயரமானது இல்லை. செங்கல் சுவர், வாசலில் இரண்டு பீரங்கி, உள்ளே புல்வெளி. கிடங்குகளாக இருந்த கட்டடங்களில் சிலவற்றுக்குக் கூரை மிச்சம் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. பின்னாலேயே கடல். அலைச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. பொருளாளர் முட்டி வலி என்று வேனிலேயே இருந்துவிட்டார். மற்றவர்கள் புல்லில் நிற்க, மனைவி ஆரம்பித்தாள். ஒத்திகையில் வந்தது எல்லாம் வந்தது. ஆனால் கேட்டவர்கள் பாதிப்பேர் செல்போனில் நேரம் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "சுவரு சுவராத்தான் இருக்கு."

மனைவிக்கும் கேட்டிருக்க வேண்டும். பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு, "வாங்க, இன்னும் ஒரே ஒரு இடம்," என்று உள்பக்கச் சுவரோரம் கூட்டிப் போனாள். அங்கே ஒரு சின்னக் கதவு. அவள் கேட்டதும் கோட்டைக் காவலாளி வந்து பூட்டைத் திறந்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போனார்.

உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள். கனமான கருங்கல் பலகைகள் தரையோடு படுத்திருந்தன. ஒன்றில் கப்பல், ஒன்றில் குடும்பச் சின்னம், எல்லாவற்றிலும் நெருக்கமாகச் செதுக்கிய எழுத்து. எழுத்தின் பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே ஈர இலைகள் ஒட்டிக் கிடந்தன.

ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் முதல் கல்லின் முன்னால் நின்றுவிட்டார். "இவங்களை யாரும் வந்து பாக்கலையா?"

"இவங்கல்லாம் இறந்து முந்நூறு வருஷம் இருக்கும்," என்றாள் மனைவி.

"அதான் கேக்குறேன். ஒருத்தர் கூடவா வரல?"

கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் குடும்பம் குடும்பமாகத் துடைப்பம், சுண்ணாம்பு வாளி, பூ, மெழுகுவத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். சொந்தக் கல்லறையைக் கழுவி முடித்ததும் பக்கத்துக் கல்லறையைப் பார்ப்பார்கள். அதற்கு ஆள் வரவில்லை என்றால் அதையும் கூட்டிவிட்டு, ஒரு மெழுகுவத்தியை வைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். யாருடையது என்று கேட்க மாட்டார்கள். நவம்பரில் கூட்டாத கல்லறையைத் தாண்டிப் போக இவர்களுக்குக் கால் வராது.

நர்ஸ் குனிந்து இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அடுத்தவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். யாரோ வேனுக்குப் போன் போட்டார்கள்: "அக்கா, இங்க கல்லறைங்க இருக்கு. ஆளில்லாம கிடக்கு."

பொருளாளர் அந்த முட்டி வலியோடு புல்வெளியைக் கடந்து வந்த வேகம் குறிப்பிடத்தக்கது. வந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க. தண்ணீர் பாட்டில்கள் திறந்தன. தலையிலிருந்த மல்லிகைச் சரங்களைப் பாதியாகக் கிள்ளிக் கற்களின் மேல் வைத்தார்கள். ஒருவர் கைப்பையில் கல்லறைத் திருநாளில் மீந்த மெழுகுவத்திகள் இருந்தன. மூலையில் இருந்த ஒரு சின்னக் கல்லுக்கு, குழந்தையாக இருக்கும் என்று, இரண்டு ஏற்றினார்கள்.

மனைவி கையில் குறிப்புத் தாளோடு ஓரமாக நின்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

அப்போது காவலாளி ஓடி வந்தார்.

"அம்மா! இன்னாம்மா இது? அணைங்க, மொதல்ல அணைங்க!"

"ஏம்ப்பா, செத்தவங்களுக்கு ஒரு வெளிச்சம் வைக்கக் கூடாதா?" என்றார் பொருளாளர்.

"மெழுகு ஒழுகி எழுத்துல எறங்கிட்டா சுரண்டித்தான் எடுக்கணும். சுரண்டினா எழுத்தே போயிடும். யாராச்சும் போட்டோ எடுத்துப் போட்டா என் வேலை போயிடும். எல்லாரும் வெளிய வாங்க, பூட்டப்போறேன்."

பொருளாளர் நிமிர்ந்தார். வங்கிக் கவுன்டரில் முப்பது வருடம் வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகிய வாய் அது. அது திறந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் அதையே நினைத்திருந்தாள்.

தாளை மடித்துக் கைப்பையில் போட்டாள். பிறகு, பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சு வரை போகும் குரலில் சொன்னாள்: "மெழுகுவத்தியை அணைச்சுக் கையில எடுத்துக்கோங்க. தண்ணி ஊத்தினது போதும். கல்லைத் தேய்க்காதீங்க. பூ கல்லு மேல வேண்டாம், சுவரோரமா வைங்க. அக்கா, நீங்களும்தான்."

எல்லாரும் செய்தார்கள். அக்காவும்தான். மெழுகு எந்தக் கல்லிலும் விழுந்திருக்கவில்லை. மனைவி காவலாளி பக்கம் திரும்பினாள். "தம்பி, இலையை மட்டும் கையால எடுக்கலாமா?"

அவர் யோசித்தார். "இலை எடுங்க. எப்படியும் இன்னிக்கு நான்தான் எடுக்கணும்."

"சின்னதா ஒரு ஜெபம்?"

"சத்தமில்லாம."

இலைகளை எடுத்து முடித்ததும் பொருளாளர் ஜெபித்தார். கடல் கடந்து வந்து இங்கே உறங்குகிறவர்களுக்காக, அவர்கள் ஊரில் காத்திருந்தவர்களுக்காக, கடைசியாக இந்தத் தம்பியின் வேலைக்காக. காவலாளி சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

சின்னக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த பாய் என் காதருகே சொன்னார்: "டச்சுக்காரனுக்கு சிட்லபாக்கத்துல இத்தினி சொந்தக்காரங்க கீறாங்கன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது சார்."

அதற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன. இவங்க யாரு, எதுல வந்தாங்க, குழந்தைகளையும் கூட்டிட்டா வந்தாங்க, என்ன காய்ச்சல் வந்து செத்தாங்க. மனைவி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். இங்கே நெய்த மெல்லிய துணியை வாங்கத்தான் கப்பல் கப்பலாக வந்தார்கள் என்றபோது நர்ஸ், "துணி எடுக்கவா அவ்வளவு தூரம்?" என்றார்.

"நீங்க தி.நகர் போறதில்லையா?" என்றார் பொருளாளர்.

கோட்டைக்குப் பின்னால் சவுக்கு மரங்களின் கீழே ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை சாப்பிட்டோம். வடக்கே அணுமின் நிலையத்தின் கட்டடங்கள் மழை மங்கலில் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. கிழக்கே கடல் மட்டும். காற்று வேகமாக வீசியதால் பேப்பர் தட்டுகளை எல்லாரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது, முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால், பொருளாளர் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பாய் வேகத்தைக் குறைத்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

"அடுத்த வருஷமும் டீச்சரே பார்க்கட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கையைப் பக்கத்திலிருந்தவர் தூக்கிவிட்டார். பொருளாளரின் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொன்று மேலே இருந்தது.

"ஆனா ஒண்ணு டீச்சர்," என்றார். "கல்லறை இருக்கிற இடமாப் பாருங்க. வரும்போதே நல்ல துடைப்பமா ரெண்டு எடுத்துட்டு வந்துடலாம்."

"துடைப்பம் கூடாது அக்கா. கையால மட்டும்தான்."

"சரி, கையால. எங்க இருக்கு?"

"பழவேற்காட்டுல. அங்கயும் டச்சுக்காரங்க கல்லறைதான்," என்றாள் மனைவி. அவள் இப்போது ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

சிட்லபாக்கத்திலிருந்து பழவேற்காடு எண்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அண்டாவைத் தூக்க அடுத்த வருடமும் எனக்கு வேனில் இடம் உண்டு.