மேல் பொத்தான்

சென்ற மாசியில் காலமான நடராசா வேலணைத் தீவில் கிணற்று மோட்டர்களுக்கு வைத்தியர் மாதிரி. ஓடுகிற மோட்டரில் காதை வைத்துக் கேட்டு, நோய் எங்கே என்று சொல்லிவிடுவார். தனக்குத் தெரியாத மோட்டர் இல்லை என்ற எண்ணமும் அவருக்குக் கொஞ்சம் இருந்தது.

சரவணையில் ஜெயரூபனின் நெல் மில்லில், மூட்டைகளை மேல்தட்டுக்குத் தூக்க ஒரு மோட்டர் பூட்டினார்கள். ஏற்ற மேல் பொத்தான், இறக்கக் கீழ்ப் பொத்தான்; அமத்திப் பிடிக்கும்வரை ஓடும். அதன் பின்பக்கத்தில் ஒரு பிறேக் இருந்தது. கரண்ட் பாயும்வரை திறந்திருக்கும். கரண்ட் நின்றதும் ஸ்பிரிங் அச்சை இறுகப் பிடிக்கும், மூட்டை அந்தரத்தில் நிற்கும். அதனால் மோட்டருக்குப் போகும் கரண்டையேதான் பிறேக்குக்கும் கொடுக்கவேண்டும். நடராசாவும் முதலில் அப்படித்தான் கொடுத்தார்.

ஆனால் பின்னேரமானால் தீவில் கரண்ட் மெலிந்துவிடும். பிறேக் அரைகுறையாகத் திறந்து தேய்ந்து கருகல் மணத்தது.

"அண்ணை, அறுவடை நேரம். எப்பிடியாவது ஓடப்பண்ணுங்கோ" என்றான் ஜெயரூபன்.

கணக்கெழுதும் மில் கந்தோரில் சோலார் பற்றறியில் ஓடும் இன்வேட்டர் ஒன்று இருந்தது. அதில் கரண்ட் மெலியாது, போகவும் போகாது. நடராசா பொத்தானுக்கும் பிறேக்குக்கும் அதிலிருந்து வயர் இழுத்தார். மோட்டர் மட்டும் பழைய கரண்டில் ஓடியது. பிறேக் 'டக்' என்று திறந்தது. எல்லோரும் மெச்சினார்கள்.

பத்தாம் நாள், மூட்டை பாதி ஏறும்போது ஊரில் கரண்ட் போனது. மோட்டர் நின்றது, இன்வேட்டர் பிறேக்கைத் திறந்தே வைத்திருந்தது. பொத்தானை அமத்திக்கொண்டிருந்த, மில்லில் வேலைசெய்யும் யோகம்மா கையை எடுப்பதற்குள் மூட்டை விழுந்து, கீழே மூட்டை கொழுவிக்கொடுக்கும் முருகேசுவின் கால் முறிந்தது.

"நான் மேல் பொத்தானைத்தான் அமத்தினனான்" என்று அழுதாள் யோகம்மா.

"அப்ப மூட்டை தானாக் கீழை வந்ததோ? பராக்குப் பாத்துக்கொண்டு கீழ்ப் பொத்தானை அமத்திப்போட்டு நிண்டு கதைக்கிறாய்" என்றாள், சேதி கேட்டு ஓடிவந்த முருகேசுவின் மனைவி சத்தியபாமா.

கீழ்ப் பொத்தானை அமத்தினால் மூட்டை மெதுவாகத்தான் இறங்கும், விழாது. அது ஒருவருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டு வந்து நின்ற நடராசாவுக்கு மட்டும் தோன்றியது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"மோட்டரிலை பிழையில்லை" என்றார்.

அது பொய்யல்ல. பிழை வயரில் இருந்தது. சனம் கலைந்தபின் வயரைப் பழையபடி மாற்றிவிட்டு, கரண்ட் மெலிந்தால் வேலையை நிறுத்தும்படி ஜெயரூபனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

யோகம்மா மில்லுக்குப் போவதை விட்டாள். ஒருநாள் அவள் தேத்தண்ணிக் கடையைக் கடந்து போகும்போது, தடியோடு இருந்த முருகேசு சொன்னான்: "யோகம்மா வாறா, எல்லாரும் மேலை பாத்து நில்லுங்கோ." கடை சிரித்தது. அங்கே இருந்த நடராசாவும் சிரித்தார். சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினார். மூட்டை விழுந்து அப்போது எட்டு மாதமாகியிருந்தது.

அன்று பின்னேரம் அவர் போனபோது யோகம்மா தன் வீட்டுக் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிழை தன் வயரில்தான் என்பதை நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் நிமிரவில்லை.

"எனக்கேன் சொல்லுறியள் அண்ணை? நான் எதை அமத்தினனான் எண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்கோ."

அடுத்த நாள் முருகேசுவின் வீட்டுக்குப் போனார். கொடுத்த கதிரையில் இருக்காமல், இன்வேட்டர், வயர், தான் வாய் மூடி நின்றது எல்லாவற்றையும் சொன்னார். முருகேசு தன் காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ரை கால் கிடக்கட்டும். அவளை நான் பேசின பேச்சை இனி ஆர் திருப்பி எடுக்கிறது?"

சத்தியபாமா குசினிக்குள்ளிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எழும்புங்கோ. அவள் இப்ப வீட்டிலைதான் நிப்பாள்" என்றாள் புருசனிடம்.

முருகேசு தடியை எடுத்தான். இருவரும் படலையைத் தாண்டி ஒழுங்கையில் மெல்ல நடந்தார்கள். அவர்களோடு கூடப் போக நடராசாவுக்கு முகமிருக்கவில்லை.