முகத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

எங்கள் அருங்காட்சியகத்தில் அவளை 'உறை அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். போர்க்காலப் படம் எது வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் போகும். நீள அட்டை ஒன்றால் எல்லா முகங்களையும் மறைத்துவிட்டு, லென்ஸோடு குனிவாள். சிப்பாயின் இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கி உறை, டாங்கியின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் சம்மட்டி, கடப்பாரை இவற்றை வைத்தே எந்தப் படை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவாள். "முகம் கதை விடும். இடுப்பு விடாது" என்பாள். அவள் வரும்போது நாங்கள் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொள்வோம்.

ஒரே ஒரு படத்தை மட்டும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. எதிரிப் படை ஊரைப் பிடித்திருந்தபோது எடுத்து, ஊர்ச் சுவர்களில் ஒட்டியது. டாங்கியருகே லாரி மெக்கானிக் ஒருவர், கையில் சம்மட்டி, முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் ஒரு சிப்பாய் அவர் தோளில் கை போட்டபடி ஒட்டி நிற்கிறான். அந்த மெக்கானிக் அவளுடைய அப்பா.

அந்தச் சிரிப்புக்காக ஊர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கியது. தெருமுனை பேக்கரியில் ரொட்டிகூடக் கொடுக்கவில்லை. "எனக்கு வேற வழி இல்லைங்க" என்று அப்பா அந்தக் கடை வாசலில் நின்று சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அவர் சாகும்வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இப்போது எங்கள் போர்க்காலக் கண்காட்சிக்கு அந்தப் படமும் வந்து சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் அவள் தம்பி ஓடி வந்தான்.

"அக்கா, அதைத் தூக்கி அலமாரிக்குள்ள போட்டுடு. உன் கையிலதானே இருக்கு? என் பொண்ணு இந்த ஊர்லதான் படிக்கணும்."

"மாட்டேன். இருக்கறதை எழுதுவேன். அப்பா மேல தப்புன்னா அதையும் எழுதுவேன்டா. ஒளிச்சு வெச்சா ஊர் சொன்னதை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."

சொல்லிவிட்டு அட்டையை எடுத்து அப்பாவின் சிரிப்பை மறைத்தாள்.

டாங்கியின் சங்கிலிப் பட்டை கழன்று கிடந்தது. சம்மட்டி மாட்டும் இடம் காலி. அப்பா பழுது பார்த்தது உண்மைதான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து சிப்பாயின் இடுப்பு. உறையின் மூடி திறந்திருந்தது, உள்ளே துப்பாக்கி இல்லை. அது கீழே விழுந்துவிடாமலிருக்க அந்தப் படையினர் பிடியில் ஒரு கயிறு கட்டித் தோளில் மாட்டியிருப்பார்கள். அந்தக் கயிறு தொங்கவில்லை. விறைப்பாக நீண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"முதுகுலயா வெச்சிருக்கான்?" என்றான் தம்பி.

"வெச்சுட்டு சிரின்னா யாருடா சிரிக்க மாட்டாங்க?"

படத்தைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கச் சொன்னாள். "ஊர்ல பிரச்சினை வரும்மா" என்று இழுத்தார் அருங்காட்சியக இயக்குநர்.

"வரட்டும் சார். நாங்க பிரச்சினையோடதான் வளர்ந்தோம்."

திறப்பு நாளில் பேக்கரிக்காரர் கைத்தடி ஊன்றி வந்தார். "சிரிக்கிறதைப் பாரு" என்று முணுமுணுத்தார். அவள் நேராகப் போய் அட்டையை அவரிடம் நீட்டினாள்.

"முகத்தை மறைச்சுட்டுப் பாருங்க. அந்தக் கயிறு எங்க போகுதுன்னு பாருங்க."

அவர் விரல் கயிற்றோடு போய் முதுகில் நின்றது.

"இது எங்களுக்குத் தெரியாதேம்மா."

"தெரியாதா? எங்கப்பா உங்க கடை வாசல்ல நின்னு சொன்னாரே."

அவர் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அடுத்து யாரு?"