எல்லைக்கோட்டைக் கீழே இறக்கியவருக்கு

சார், நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. சார்தானா மேடமா என்பதுகூடத் தெரியாது. கேட்டால் "மேல இருந்து சொல்லிட்டாங்க" என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியில் சைக்கிள் ரேஸ் முடிய நான் போட்டிருந்த எல்லைக்கோட்டை எடுக்கச் சொல்லி, கீழே ஊட்டியில் மைதானத்துப் பந்தலுக்கு எதிரே போட வைத்தது நீங்கள்தான். மேலே குளிருகிறது என்றீர்களாம். மலைமேல் குளிராமல் வேறென்ன செய்யும்?

மலையில் சைக்கிள் ரேஸுக்குப் பாதை போடுவது என் தொழில். காற்று மெலிந்துபோன உயரத்தில், சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களை ஒருவரையொருவர் துரத்த வைக்க வேண்டும். அவர்களுக்கும் நெஞ்சு அடிக்க வேண்டும், ரோட்டோரம் நிற்கிறவனுக்கும் அடிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள், திருவிழாவுக்கு மைக் கட்டியவர்கள், ஆபீஸ் ஆண்டு விழா நடத்தி நொந்தவர்கள் எல்லாம் என் கட்சி. எல்லாம் கூடிவரும் நேரத்தில் ஒருவர் வந்து மேடையைத் திருப்பிப் போடச் சொல்வாரே, அந்த எரிச்சல் உங்களுக்குத் தெரியாததா?

நான் பெங்களூர் மர்பி டவுனில் பிறந்தவள். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கல்யாண வீடுகளுக்கு வேன் பேசிவிட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் தொம்மலூரில் ரேஸ் நடத்தும் கம்பெனி ஒன்றுக்கு வண்டி பேசிவிடப் போய், "இந்த வழி எவனுக்கு வேணும், அந்த வழி போங்க" என்று சண்டை போட்டுப் போட்டே பாதை போடுகிறவளாகிவிட்டேன். எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வரும். ஆனாலும் என்னைக் கைதூக்கிவிட்டவர்களுக்குக் குறைவில்லை. முதலில் அவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்றத்துக்கு மேல் ஏற்றம்

முதல் ரேஸில் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். ஏற்றம் கூடக்கூட விறுவிறுப்பும் கூடும். மசினகுடியில் கிளம்பி, கல்லட்டி வளைவுகளில் ஏறி, ஊட்டியில் மூச்சுவிடாமல் அப்படியே தொட்டபெட்டா உச்சிக்கு. சொல்லிப் பார்த்தாலே ஜோராக இருந்தது. ஓட்டிப் பார்த்தால், மொத்தக் கூட்டமும் ஒட்டிக்கொண்டு சாமி ஊர்வலம் மாதிரி ஊர்ந்தது.

அந்த உயரத்தில் ஒருமுறை மூச்சு முட்டிவிட்டால் ரேஸ் முடிகிறவரை திரும்பி வராது. அது அவர்களுக்குத் தெரியும், அதனால் ஒருவனும் முந்தத் துணியவில்லை. ஜீப்பில் நின்று கத்தியதில் என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ரேஸ் முடிந்து, பெங்களூர் அணி ஒன்றின் கோச் கிருஷ்ணப்பா டீக்கடையில் என்னை உட்கார வைத்தார். கடைசி ஏற்றத்துக்கு முன்னால் ஓர் இறக்கம் விடுங்கள், மூச்சு திரும்பட்டும். பிறகு செங்குத்தாக, சின்னதாக ஓர் ஏற்றம் வையுங்கள், துணிகிறவன் துணிவான் என்றார். நான் பதிலுக்குப் பதில் பேசினேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, கன்னடம் கலந்து சொன்னார்:

"ஏனு மேடம் இது? ஏத்தம் வெச்சீங்க, சரி. முந்தறவனுக்கு ஒரு ஆசை காட்ட வேணாமா?"

தையல் மிஷின் அம்மா

சேகரை பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலையில் பார்த்தேன். ஈஜிபுராவில் வீடு, லேத் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள். சமதளத்தில் யார் வேண்டுமானாலும் அவனை முந்தலாம். ரோடு மேல்நோக்கித் திரும்பியதும் அவன் வேறு ஆள். எங்கள் ரேஸுக்குத் தன் அணியைக் கூட்டி வந்த பெல்ஜியம்காரர் ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு, "உச்சியில் முடிகிற ரேஸில் இவன் முதலில் வரட்டும், என் அணியில் வேலை தருகிறேன்" என்றார். சைக்கிள் மிதிக்க மாதச் சம்பளம்!

பயிற்சிக்காக அவன் பட்டறைக்கு லீவு போட வேண்டும். அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஈஜிபுராவுக்குப் போனேன். கார்மெண்ட்ஸில் தையல் மிஷினில் உட்காருகிறவர். ஒற்றை அறை, வாசலில் அடுத்த வீட்டுத் துணிக்கொடி. நான் வேன் பேரத்தில் பழகிய வித்தையையெல்லாம் எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். காபி கொடுத்தார். மகனை அனுப்பவும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு:

"மலை ஏர்றதுக்குச் சம்பளம்ன்ற. எறங்குறதுக்கு ஓவர்டைம் போடுவானாம்மா?"

கேரட் லாரிகள்

கிருஷ்ணப்பா சொன்னபடியே பாதையை மாற்றினேன். தேயிலைத் தோட்டத்துக்குள் ஓர் இறக்கம், பிறகு உச்சிக்குச் சுருக்கென்று ஓர் ஏற்றம். ஆனால் கடைசி வளைவைத் தாண்டியதும் ஒரு பக்கம் வெறும் பள்ளம். பக்கவாட்டுக் காற்று ஆளைத் தள்ளும். கூட்டமாக வருகிறவர்கள் ஒருவர் மறைவில் ஒருவர் ஒதுங்குவார்கள். தனியாக முந்தி வருகிறவனுக்கு மறைவு ஏது? அதை நினைத்தாலே எவனும் முந்த மாட்டான். போட்ட பாதை வீண்.

ரேஸன்று காலையில் ரோட்டை அடைத்ததும் மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போகிற கேரட் லாரிகள் ஜங்ஷனில் மாட்டிக்கொண்டன. டிரைவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். நான் அவர்களுக்கு மேல் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே லாரிகளின் உயரம் கண்ணில் பட்டது. உடனே குரலை இறக்கிப் பேரத்தை ஆரம்பித்தேன். லாரிகளை உச்சிக்குக் கொண்டுவந்து பள்ளத்து ஓரமாக வரிசையாக நிறுத்த வேண்டும். ரேஸ் முடிந்ததும் முதலில் இறங்குவது அவர்கள் லாரிகள்தான், போலீஸிடம் நான் பேசிவிடுகிறேன். அவர்களில் மூத்தவர் ராமசாமி கொஞ்சம் யோசித்தார். பயிற்சியில் தங்கள் லாரிகளோடு போட்டி போட்டு ஏறிய சேகரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"கேரட் வாடுனா வாடிட்டுப் போகுதுங்க்கா. அந்த ஒல்லிப் பையனைத் தனியா வரச் சொல்லுங்க, காத்தை நாங்க பாத்துக்கறோம்."

ஆக்ஸிஜன் யாருக்கு

அன்று சேகர் தனியாகத்தான் வந்தான். லாரிச் சுவரின் மறைவில், தலையைக் குனிந்துகொண்டு. பின்னாலேயே ஒருவன் துரத்திவந்து, கோட்டில் ஒரு சக்கர அளவில் அவனை முந்திவிட்டான். இரண்டாமிடம். ஆனால் என்ன ரேஸ்! டிரைவர்கள் கேபின் மேல் ஏறி நின்று ஆடினார்கள். பெல்ஜியம்காரர் சேகரின் தோளைத் தட்டி, அடுத்த வருஷம் இதே இடத்தில் பார்க்கலாம் என்றார்.

மைக்கில் வர்ணனை செய்தவர் எங்கள் மர்பி டவுன் சாமுவேல் அண்ணன். தேர்தலுக்கு நாள் முழுக்கப் பேசியும் சளைக்காத வாய். அந்தக் கடைசி வளைவிலிருந்து கோடு வரை ஒரே மூச்சில் வர்ணித்துவிட்டு, மைக்கோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஓட்டுகிறவர்களுக்கென்று கொண்டுபோன ஆக்ஸிஜனை அவருக்கு வைத்தோம். முகமூடியை விலக்கிவிட்டு முதலில் பேசியது இதைத்தான்:

"மிதிச்சவனெல்லாம் நின்னுகிட்டு இருக்கான், பேசுனவன் படுத்துட்டேன்னு மர்பி டவுன்ல போய்ச் சொல்லிடாதம்மா."

கோடு இல்லாத உச்சி

அடுத்த வருஷம்தான் நீங்கள் வந்தீர்கள் சார். ரேஸுக்கு முதல் நாள் கோடு கீழே போயிற்று. நான் போனில் போட்ட சண்டை தொம்மலூர் ஆபீஸ் சுவர்களுக்குத் தெரியும். பாதை அதேதான், உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி மைதானத்துக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதானே என்றார்கள். அவ்வளவுதானா? ஏறும்போது முந்தியவனைப் பிடிக்க, இறக்கத்தையும் ஊருக்குள் சமதளத்தையும் கூட்டத்துக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். இனி மலையில் எவன் உயிரைக் கொடுப்பான்?

ஒருவன் கொடுத்தான். சேகர் தோட்டத்து இறக்கம் முடிந்ததுமே பிய்த்துக்கொண்டு ஏறினான். லாரிகள் சொல்லாமலே வந்து நின்றிருந்தன. உச்சியில் அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே ஒரு முழு வளைவு இடைவெளி. ராமசாமியின் ஹாரன் கீழே ஊர்வரை கேட்டதாம். பிறகு இறக்கத்தில் கூட்டம் நெருங்கிற்று. சமதளத்தில் விழுங்கிவிட்டது. மைதானத்துக்குள் எல்லோரும் மொத்தமாக வந்தார்கள். வேகமாகப் பாயத் தெரிந்த எவனோ ஜெயித்தான். பந்தலில் கைதட்டினார்கள். கீழே நின்றிருந்த பெல்ஜியம்காரர், "அந்த மலை ஏறுகிறவன் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். கும்பலின் நடுவில் தேடிப் பிடித்தேன். சைக்கிளைவிட்டு இறங்கவேயில்லை. நான் அழுதுவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, சிரித்தபடி சொன்னான்:

"உச்சியில நான்தான்க்கா ஃபர்ஸ்ட் வந்தேன். அங்க கோடுதான் இல்ல."

இப்போது பேரம்

பெல்ஜியம்காரர் இந்த வருஷமும் வருகிறார். இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். சேகர் லேத் பட்டறையை விட்டுவிட்டு நந்தி மலையில் ஏறிக்கொண்டிருக்கிறான். கிருஷ்ணப்பா அவனோடு இருக்கிறார். அவன் அம்மா வீட்டை ஒற்றை ஆளாகச் சுமக்கிறார். ராமசாமி லாரிகளோடு வருவதாக எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிவிட்டார். சாமுவேல் அண்ணன் மூச்சுப் பயிற்சி செய்கிறார். எனக்குக் கிடைத்த மனிதர்களை நினைத்தால் என் கோபம்கூடக் கொஞ்சம் தணிகிறது. பாக்கி நீங்கள் ஒருவர்தான்.

பேரம் பேசியே பிழைத்தவள், உங்களிடமும் பேசுகிறேன். கம்பளி நான் தருகிறேன். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி தருகிறேன். பந்தல் மைதானத்திலேயே இருக்கட்டும். மாலையும் பரிசும் பேச்சும் அங்கேயே நடக்கட்டும், ஜெயித்தவனை வேனில் ஏற்றி நானே கொண்டுவந்து சேர்க்கிறேன். இதற்குமேல் இறங்கி வர என்னால் முடியாது. கோட்டை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.

குளிரும் என்றால் நீங்கள் கீழேயே இருந்துகொள்ளுங்கள் சார், எல்லைக்கோட்டுக்குக் குளிராது.