காசிம் பாயின் இரண்டு சீட்டு விமானம்

காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளி பியூன் பின்னாலேயே வந்து, "சார், இரும்புக் கடை பாய் மௌத் ஆயிட்டாரு. கடை தொறக்கலியேன்னு போயி பாத்திருக்காங்க" என்றார். அந்தச் சாவுச் செய்திக்குப் பிறகு அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

காசிம் பாயிடம் ஆணியோ தாழ்ப்பாளோ வாங்காத வீடு உத்திரமேரூரில் இருக்காது. நீங்கள் இந்த ஊர் என்றால், கடைக்குப் பின்னால் கிடங்கில் அவர் விமானம் கட்டியதை எட்டிப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசிய துணி, மதராசில் போர்க்காலச் சாமான் ஏலத்தில் எடுத்த இஞ்சின். பாய் யுத்தத்தின்போது பட்டாளத்தில் விமானம் பழுது பார்த்தவர். வரைபடமும் அவரே போட்டது.

விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு. மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகளும் இல்லை. "உங்களுக்கு எதுக்கு பாய் ரெண்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மேல போயி நம்ம ஏரியப் பாத்துட்டு, அதோ பாருன்னு சொல்ல ஆள் வாணாவா சார்?" என்றார்.

ஊரில் ஒருவரும் ஏறச் சம்மதிக்கவில்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தனி அறையில் குடியிருந்த நான் சம்மதித்தேன். எனக்காகக் கவலைப்பட யாரும் இல்லாததும் ஒரு காரணம்.

கோடையில் வற்றிய ஏரிக்குள் ஓட்டிப் பார்த்தோம். கரைவரை தடதடவென்று ஓடியதே தவிர, சக்கரம் தரையை விடவில்லை. ஆடு மேய்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீங்க நாஷ்டா துன்னாம வந்திருக்கணும்" என்று பாய் என்னைக் கிண்டல் செய்தார்.

பிறகு அவருக்குப் பழக்கமான விமான இஞ்சினீயர் ஒருவர் மதராசிலிருந்து வந்து பார்த்தார். "வேலை சுத்தம். ஆனா இந்த இஞ்சின் ரெண்டு பேரைத் தூக்காது. ஒரு சீட்டைக் கழட்டிட்டு நீங்க மட்டும் போங்க, நல்லா எழும்பும்" என்றார். பெரிய இஞ்சினுக்கு பாயிடம் வழி கிடையாது.

நான் கெஞ்சாத குறை. "இத்தனை வருஷ உழைப்பு பாய், ஒரு தடவையாவது பறந்துடுங்க."

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தனியா கீறது கீழயே நடந்துக்கினு கீது சார். அதுக்கு மேல வேற போணுமா?"

அப்புறம் விமானம் கிடங்கைவிட்டு வெளியே வரவில்லை. பள்ளி விட்டதும் நான் போவேன். இருவரும் அதில் ஏறி உட்கார்ந்து டீ குடிப்போம். பாதி நாள் பேச்சே இருக்காது. நான் போகாவிட்டால் மறுநாள், "இன்னா சார், நேத்து சீட்டு காலியா கெடந்துச்சே" என்பார்.

ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். உறவினர்கள் கிடங்கைக் காலி செய்கிறார்கள். ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ஸ்பானரும் கையுமாக அவர் சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது. கேட்ட அன்று அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது பள்ளி மணி அடித்த பிறகு எந்தப் பக்கம் நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.