படிவத்தில் இல்லாத பூனை

கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக்குழுவில் நான் தமிழ் தெரிந்த ஆள். விலங்கியல் படித்தவள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை; கேள்வியைத் தமிழில் கேட்டு, பதிலை எழுதிக் கொடுத்தால் போதும். குழுத்தலைவர் பெரிய படிப்பாளி. காட்டுக்குப் போகிற பச்சைத் தொப்பியோடு புத்தூர் வெங்காயத் தோட்டங்களுக்குள் இறங்கினார்.

தேடியது மீன்பிடிப் பூனையை. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிது, உடம்பெல்லாம் புள்ளி. ஊரின் ஓரத்தில் மதகடிச் சதுப்பில் அது இருந்தால் அந்த நிலத்தை விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் மண் போட்டு நிரவி வீதியை அகலமாக்குவார்கள். படிவத்தைத் தமிழாக்கிய புத்திசாலி, அகராதியைப் பார்த்து அந்தப் பூனைக்குக் 'கொடுப்புலி' என்று பெயர் போட்டிருந்தார்.

உங்கள் பகுதியில் கொடுப்புலி நடமாட்டம் உண்டா? கடைசியாக எப்போது, எங்கே கண்டீர்கள்? அடியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். யாழ்ப்பாணத்தில், ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு, வீடு வீடாகப் போய் இதைக் கேட்டோம்!

மதகுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் படிவத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

“புலியோ? இஞ்ச ஒரு புலியும் இல்லைத் தங்கச்சி. முந்தியும் இருக்கேல்லை. எங்களுக்கு உதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது.”

அந்தச் சொல்லைச் சொல்லி ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன போர்க்காலத்தைக் கடந்து வந்தவர் வேறென்ன சொல்வார்? 'இல்லை' என்று எழுதினேன். தலைவர் ஜீப்புக்குத் திரும்பியதும் தோட்டக்காரர் வாசல் படலையடியில் குரலைத் தாழ்த்தினார்.

“என்ரை தாராக்குஞ்சைக் கொண்டு போனது ஒரு பெரிய பூனை. மதகுக்குக் கீழ ரெண்டு குட்டியோட கிடக்கு. அதைப் புலியெண்டு எழுதிச் சைன் வைக்கச் சொன்னா நான் வைப்பனே?”

ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன். சிரித்தார். படிவத்தில் பூனை என்றொரு விடை இல்லையாம். இந்த மக்களுக்கு விலங்குகளைப் பற்றி விழிப்புணர்வு போதாதாம். இறங்கி ஒருக்கால் பார்ப்போம் என்றேன். சேறாம், பாம்பாம், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறதாம்.

அவரை மட்டும் திட்டி என்ன பயன்? மறுநாளே கேள்வியை நான் மாற்றிக் கேட்டிருக்கலாம். வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டித் தருவார்கள் என்ற நப்பாசையில் வாயைப் பொத்திக்கொண்டேன். புத்தூர் முழுக்க 'இல்லை' என்று என் அழகான கையெழுத்தில் கொழும்புக்குப் போயிற்று.

மாரி மழைக்கு முன் டிப்பர் லொறிகள் வந்து மதகடியை நிரவின. சில நாள் கழித்து, காலையில் தோட்டக்காரர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் போனபோது தாய்ப்பூனை வீதியில் அடிபட்டுக் கிடந்தது. குட்டிகளைத் தேடினோம். கிடைக்கவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மிக அருமையான செய்தி, இந்தப் பகுதியில் இவ்விலங்கு இருப்பதற்கு முதல் ஆதாரம், வாழ்த்துகள். உடலை ஐஸ் போட்டு வைக்க வேண்டுமாம். கட்டுரையில் என் பெயரையும் சேர்ப்பாராம்.

“என்னவாம் தங்கச்சி?” என்று தோட்டக்காரர் கேட்டார்.

“இஞ்ச பூனை இருக்காம் அண்ணை,” என்றேன்.